வடக்கே பார்த்த சோலார் ஹீட்டர்

ஓசூர்க் குளிரை ஓசூர்க்காரர்கள் யாரும் குளிர் என்று ஒத்துக்கொள்வதில்லை. "லேசா சில்லுனு இருக்குது" என்பார்கள், பல் கிடுகிடுக்க. திருநெல்வேலியில் பிறந்த எனக்கு முதல் மார்கழியிலேயே உண்மை தெரிந்துவிட்டது. (குளிக்காமல் ஷிப்டுக்குப் போன நாட்களைப் பற்றி இங்கே பேச வேண்டாம்.)

என் மனைவி செல்வி ஊரில் அரசுப் பள்ளி ஆசிரியை. நான் இங்கே ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். கல்யாணமானதிலிருந்து எங்கள் குடித்தனம் போனில்தான். அவளை வரவழைக்கத்தான் ஓசூரில் வீடே கட்டினேன். அவள் போட்டது ஒரே நிபந்தனை.

"பச்சத்தண்ணியில குளிக்க என்னால ஆகாது. கீசர்னா ஷாக் அடிச்சிரும்னு பயம். சோலார்ல வெந்நி வந்தா, மாறுதலுக்கு எழுதிக் கொடுக்கேன்."

மே மாதம் சோலார் ஹீட்டர் மாட்ட ஆள் வந்தார். மொட்டை மாடியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "தெக்கு பாத்து வெச்சிரலாங்களா சார்?" என்றார்.

"தெற்கு மூலையைத் தொடக் கூடாது. வடக்கே வைங்க."

"வடக்கயா? மாடிப்படி ரூம் மறைக்குமே சார்."

"இப்ப வெயில் அடிக்குது இல்ல?"

"அடிக்குதுங்க." பெருமூச்சு விட்டார். "உங்க வீடு, உங்க வெந்நீர்."

மே மாத வெயில் உச்சந்தலையில் நின்றது. தண்ணீர் கொதித்தது. நான் நேராகப் போனை எடுத்து, "முட்டை அவிக்கலாம், வா!" என்று பீற்றிக்கொண்டேன். இருந்த கீசரையும் கழற்றி மச்சினனுக்குக் கொடுத்துவிட்டேன்.

அரையாண்டு விடுமுறையில் செல்வி வந்தாள். மறுநாள் காலை, பாத்ரூமுக்குள்ளிருந்து அவள் குரல்.

"ஏங்க, இதுவா வெந்நி?"

"கொஞ்சம் ஓட விடு, வரும்."

"ரெண்டு வாளி நெறஞ்சிட்டு. இனி ஐஸ்கட்டிதான் வரணும்!"

சூரியன் தெற்கே சாய்ந்துபோன மார்கழியில், மாடிப்படி அறையின் நிழல் பகல் முழுக்க ஹீட்டரைப் போர்த்திக்கொண்டிருந்தது. இருபது வருடம் மெஷின்களோடு மல்லுக்கட்டியவனுக்கு இது தோன்றவில்லை; குளிர் வந்ததிலிருந்து குளிப்பதையே தள்ளிப்போட்டதால் தெரியவும் இல்லை. அன்றைக்கு அவளுக்குக் குக்கரில் வெந்நீர் போட்டு, விசில் வரும்வரை காத்திருந்த மேதை நான்.

என் ஸ்வெட்டரைச் சுற்றிக்கொண்டு செல்வி மாடி ஏறினாள். பின்னாலேயே நானும் போனேன். தெற்கு மூலையில் பளீரென்று வெயில். நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி.

"நல்ல வெயில்ல நாற்காலியப் போட்டுட்டு, ஹீட்டர நிழல்ல வச்சிருக்கீங்களே! இங்க அப்படி என்ன இருக்கு?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "தினம் சாயங்காலம் இங்க உக்காந்துதான் உன்கிட்ட பேசுவேன். நம்ம ஊர் அந்தப் பக்கம்தானே. அதை எப்படி ஹீட்டருக்குக் கொடுக்கிறது?"

 அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். கண்ணைத் துடைத்ததை நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

ஊருக்குத் திரும்பியதும் மாறுதலுக்கு எழுதிக் கொடுத்தாள். ஆனால் கலந்தாய்வில் ஓசூர்ப் பக்கம் காலியிடம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த வருடமும் அதேதான்.

ஹீட்டரைத் தெற்கே மாற்றிவிட்டேன். குடும்பத்தில் யார் எந்தக் கல்யாணத்தில் என்னைப் பார்த்தாலும், "மாப்பிள்ளை, தெற்கு எந்தப் பக்கம்?" என்று கேட்காமல் விடுவதில்லை. மச்சினன் மட்டும், "அத்தான், அந்த கீசர் அருமையா ஓடுது" என்பான். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

இப்போது மார்கழியிலும் கை வைக்க முடியாத சூட்டில் தண்ணீர் வருகிறது. இருநூறு லிட்டர் தொட்டி. எனக்கு ஒரு வாளி போதும்.