மகளுக்கு நான் கண்டுபிடித்த நோய்

நன்றாக இருக்கும் பிள்ளைக்கு ரத்தப் பரிசோதனை செய்யக் கூடாது. செய்துவிட்டால், முடிவை என்னைப் போன்ற அப்பாவிடம் காட்டக் கூடாது.

எலெக்ட்ரானிக் சிட்டியில் எங்கள் அபார்ட்மெண்ட்டில் மருத்துவ முகாம் போட்டார்கள். கணவன் மனைவிக்கு எடுத்தால் பிள்ளைக்கு இலவசம். பதினொரு வயது காவ்யாவுக்கு ஒரு தும்மல்கூட இல்லை. (இலவசம் என்றால் ரத்தமும் கொடுப்போம்.)

மறுநாள் போனில் ரிப்போர்ட் வந்தது. எனக்கும் மனைவி சாந்திக்கும் எல்லாம் சரி. காவ்யாவுக்கு மட்டும் ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற வரி தடித்த எழுத்தில் இருந்தது; பக்கத்தில் சிவப்பாக 'அதிகம்'. பத்திரிகையில் வேலை பார்த்தவன் நான். தடித்த எழுத்தில் நல்ல செய்தி வந்து பார்த்ததில்லை. இணையத்தில் தேடினேன். கல்லீரல் என்றது. கொஞ்சம் கீழே போனால் எலும்பு என்றது. அதற்கும் கீழே போயிருக்கக் கூடாது. போனேன்.

குழந்தை மருத்துவரிடம் திங்கட்கிழமைதான் நேரம் கிடைத்தது. சனிக்கிழமை காவ்யாவுக்கு வேறு பள்ளியுடன் கோ-கோ போட்டி. முதல் முறையாக அணியில் எடுத்திருந்தார்கள்.

"நீ ஓடக் கூடாது" என்றேன்.

"ஏம்ப்பா? எனக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல." (அந்தக் குரலில் இரங்கல் செய்தி வாசிக்கலாம்.)

"ஒண்ணுமில்லன்னா ஏங்க அவள பால்கனிக்கு இழுத்துட்டுப் போய் கண்ணு மஞ்சளா இருக்கான்னு பாக்குறீங்க?" என்றாள் சாந்தி.

சனிக்கிழமை காலை காவ்யா ஷூவைப் போட்டுக்கொண்டு சோபாவில் உட்கார்ந்திருந்தாள். ஸ்கூல் வேன் கீழே ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுப் போனது. அதன் பிறகுதான் கேட்டாள்:

"அப்பா, நான் செத்துடுவேனா?"

நான் குனிந்து அவள் ஷூ லேஸை அவிழ்த்தேன். அதையே அவள் பதிலாக எடுத்துக்கொண்டாள். இரண்டு நாள் எங்கள் வீட்டில் யாரும் டிவி போடவில்லை.

திங்கட்கிழமை டாக்டர் அவள் வயிற்றை அழுத்திப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார், கடைசியில் ரிப்போர்ட்டைப் பார்த்தார். கன்னடம் கலந்த தமிழில் சொன்னார்:

"ஏனூ இல்ல சார், ஒண்ணுமே இல்ல. எலும்பு வளர்ற வயசுல இது ஜாஸ்தியாதான் இருக்கும். பெரியவங்க அளவ வெச்சுப் பாத்து அதிகம்னு போட்டிருக்காங்க. பொண்ணு நல்லா இருக்கா. எதுக்கு டெஸ்ட் எடுத்தீங்க?"

நான் போனை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

"அப்ப எனக்கு என்னதான் டாக்டர்?" என்றாள் காவ்யா.

"நீ வளர்றம்மா. அவ்ளோதான்."

இப்போது அவள் என்னைவிட உயரம். ஸ்டூல் இல்லாமலே பரணிலிருந்து சூட்கேஸை இறக்குவாள். ஒவ்வொரு முறையும் சாந்தி என்னைப் பார்த்துச் சொல்வாள்: "பாத்தீங்களா, நோய் முத்திடுச்சு."

காவ்யாவும் சிரிப்பாள். அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு அவளை அணியில் எடுக்கவில்லை. அதை வைத்து மட்டும் எங்கள் வீட்டில் இன்னும் யாரும் ஜோக் அடிப்பதில்லை.