மூன்றாம் தளத்து வெள்ளைப் புகை

அநியாயம் நடந்தது என் அம்மாவுக்கு. செய்தவர் என் அப்பா. நடந்த இடம், கடைத்தொகுதி ஒன்றின் மூன்றாம் தளத்தில் புதிதாகத் திறந்திருக்கும் ஜெலாட்டோ என்கிற இத்தாலிய ஐஸ்கிரீம் கடை. குற்றம், ஒப்பந்த மீறல். நேரில் பார்த்த சாட்சி, பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்கிற நான். மகள் எப்படித் தகப்பனுக்கு எதிராகச் சாட்சி சொல்லலாம் என்று கேட்பவர்கள், தகப்பன் எப்படி ஒளிந்து ஒளிந்து பிஸ்தா சாப்பிடலாம் என்பதற்கு முதலில் பதில் சொல்லட்டும்.

ஆரம்பம் ஒரு சத்தம்.

ஒரு விடுமுறை நாள் மத்தியானம். நான் படித்துக்கொண்டிருந்தேன். அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்குள் எங்கேயோ 'டிக்' என்றது. சற்றுப் பொறுத்து இன்னொரு 'டிக்'. கடிகாரம் இல்லை. கடிகாரம் நடக்காது. இது நடந்தது. கூடத்திலிருந்து சமையலறைக்குப் போனது. அங்கே நின்றது. பிறகு எங்களை நோக்கித் திரும்பி வந்தது.

"என்னம்மா அது?"

"பேசாம இரு."

சத்தம் கதவு வரை வந்தது. கூடவே அப்பாவும் வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாளைப் பிரித்தார். சத்தம் நின்றுவிட்டது.

அம்மா எழுந்து போய் அவர் காலைத் தூக்கிப் பார்த்தாள். குதிகாலில் ஒரு பின். அறிவிப்புப் பலகையில் காகிதம் குத்துவோமே, அந்தத் தட்டைத் தலைப் பின். தலை வரை இறங்கியிருந்தது.

"என்னங்க, இது வலிக்கலையா?"

"எது?" என்றார் அப்பா.

அம்மா பின்னை இழுத்து எடுத்தாள். அவர் விளையாட்டுப் பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

"டாக்டர்கிட்ட போவோம். சர்க்கரை இருக்கான்னு பார்த்துடுவோம்."

"எனக்கு எங்கேயும் வலிக்கலையே. வலிக்காத காலைக் கொண்டுபோய்க் காட்டினா டாக்டர் சிரிப்பார்."

"வலிக்காததுதான் பயமா இருக்கு."

"ஏணியில ஏறி இறங்கி உரம் ஏறின கால்மா இது. வலிச்சா போகலாம்."

அப்பா லிஃப்டுகளைச் சோதித்துச் சான்று கொடுக்கும் அதிகாரி. ஊரில் எந்த லிஃப்ட் ஓடலாம், எது ஓடக்கூடாது என்று அவர்தான் சொல்வார். அவருக்கென்று ஒரு முறை உண்டு. கம்பியைப் பார்ப்பதற்கு முன், பிரேக்கைப் பார்ப்பதற்கு முன், எச்சரிக்கை மணியை அடித்துப் பார்ப்பார். சாப்பாட்டு மேசையில் இதை அவர் சொல்லாத வாரம் இல்லை. ஊரிலுள்ள பெட்டிகளையெல்லாம் பயமில்லாமல் திறந்து பார்க்கிற மனிதருக்குத் தன் உடம்பைத் திறந்து பார்க்கத்தான் பயம்.

அம்மா காலையில் கேட்டாள். சாயங்காலம் கேட்டாள். அவர் குளிக்கும்போது குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று கேட்டாள். கடைசியில் அப்பாவே ஒப்பந்தம் போட்டார்.

"இன்னையிலேர்ந்து நான் இனிப்பைத் தொடறதில்லை. நீ டாக்டர்ங்கிற வார்த்தையை எடுக்கறதில்லை. சரியா?"

"சரி."

"வக்கீலம்மா, நீதான் சாட்சி" என்றார் என்னிடம்.

நான் எதிர்த்தேன். உடம்பைப் பார்க்காமல் இனிப்பை மட்டும் நிறுத்துவது, புகை வருகிற வீட்டில் ஊதுபத்தியை அணைப்பதற்குச் சமம் என்றேன். என் எதிர்ப்பு பதிவானது. அவ்வளவுதான். அம்மா அன்றிலிருந்து அந்த வார்த்தையை உச்சரிக்கவில்லை. அவருக்குத் துணையாகத் தானும் சர்க்கரை இல்லாமல் தேநீர் குடித்தாள். ஒவ்வொரு மடக்கையும் கஷாயம் விழுங்குவது போல விழுங்கினாள். அப்பாவும் எதிரில் உட்கார்ந்து அதே மாதிரி முகத்தைச் சுளித்துக் குடித்தார். இப்போது யோசித்தால், அவர் சுளிப்பு கொஞ்சம் அதிகம்தான்.

அடுத்த விஷயத்தைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. ஊரில் பாதி லிஃப்டுகளில் பேசுவது என் அம்மாவின் குரல். கல்யாணத்துக்கு முன் ஒரு ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை செய்தபோது பேசிக் கொடுத்தது. 'கதவு மூடுகிறது.' 'மேலே செல்கிறது.' அம்மாவின் தலை நரைத்துவிட்டது. அந்தக் குரலுக்கு மட்டும் வயதாகவில்லை. நான் பிறக்காத காலத்து அம்மா, இரும்புப் பெட்டிகளுக்குள் இன்னும் கதவு மூடிக்கொண்டிருக்கிறாள். தனியாக ஏறும்போது எனக்கு இன்றும் மயிர்க்கூச்செறியும்.

அப்பா அந்தக் குரலைத்தான் முதலில் கேட்டார். பிறகு ஆளைத் தேடிக் கண்டுபிடித்தார். பார்க்காமலே காதலித்தவர், பார்த்த பிறகு கேட்பதை நிறுத்திவிட்டார்.

போன வாரம் வகுப்பு ரத்தானதால் அந்தக் கடைக்குத் தோழிகளுடன் போனேன். மத்தியான நேரம். மூன்றாம் தளத்தில் பாதிக் கடைகள் பூட்டிக் கிடந்தன. நீண்ட நடைபாதையின் கோடியில் மட்டும் நீல வெளிச்சம். உள்ளே மனித உயரத்துக்கு எஃகு உருளைகள் நின்றன. ஒவ்வொன்றும் மூச்சு விடுவது போல மெல்லச் சீறியது. முகம் முழுக்கக் கண்ணாடி மறைப்பும், முழங்கை வரை தடித்த உறையும் போட்ட ஒரு பெண், பால் ஊற்றி வைத்த கிண்ணத்தில் குழாயைத் திறந்தாள். திரவ நைட்ரஜன். பெரிய பெருமூச்சு ஒன்று எழுந்தது. வெண்புகை கிண்ணத்தைத் தாண்டி வழிந்தது. அது மேலே போகவில்லை. கனமாகத் தரையில் விழுந்து, எதையோ தேடுவது போல மேசைகளுக்கு அடியில் ஊர்ந்தது.

கண்மூடித் திறப்பதற்குள் அங்கே யாருக்கும் கால் இல்லை. முழங்காலுக்கு மேல் மட்டும் மனிதர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். காலில்லாமல் நடப்பதுதான் பேய் என்று சின்ன வயதில் என்னைப் பயமுறுத்தியவர் அப்பா. அந்த நினைப்போடு திரும்பினால், மூலை மேசையில் அப்பா.

கையில் கிண்ணம். முகத்தில் பரவசம். புகை குளிர்ந்து வந்து தொட்டதும் எல்லோரும் கூச்சலிட்டுக் காலைத் தூக்கிக்கொண்டார்கள். அவர் மட்டும் அசையாமல் பிஸ்தா ஜெலாட்டோவைக் கரண்டியால் வழித்துக்கொண்டிருந்தார்.

நான் வீட்டுக்கு ஓடினேன்.

"அம்மா, கையும் களவுமா பார்த்துட்டேன். நீ இங்க சப்புன்னு டீ குடிக்கிறே. அவர் அங்க, குளிர்ப் புகை வந்து காலைத் தொட்டாலும் ராஜா மாதிரி உட்கார்ந்து சாப்பிடறார். கடைக்காரங்க வணக்கம் வைக்கிறாங்க. அப்படின்னா தினமும் போறார். சட்டப்படி..."

"காலை எங்கே வச்சிருந்தார்?"

"என்ன?"

"புகை வந்து தொட்டுதுன்னியே. அப்போ."

"கீழேதான். எல்லாரும் தூக்கினாங்க, அவர் தூக்கல. இப்ப அதுவாம்மா முக்கியம்? ஒப்பந்தத்தோட முதல் நிபந்தனையே..."

அம்மா, மடித்து வைத்த துணிகளின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். அப்படி அவள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"இன்னைக்கு ராத்திரி நான் கேக்கறேன் பாரு" என்றேன். "பதில் சொல்ல முடியாம திணறணும்."

"நீ ஜெயிப்பே. அவரும் தப்புன்னு ஒத்துக்குவார். ரெண்டு நாள் மூஞ்சியைத் தொங்கப் போட்டுட்டுத் திரிவார். அப்புறம் எவனாவது வேற கடை திறப்பான்."

"அப்போ நீ என்னதான் பண்ணப் போறே?"

"ஜெலாட்டோ சாப்பிடப் போறேன்."

அன்று சாப்பாட்டு மேசையில் அம்மா சாதாரணமாக ஆரம்பித்தாள்.

"என்னங்க, மூணாவது மாடியில ஏதோ புதுக் கடையாமே. புகை விட்டு ஐஸ்கிரீம் செய்யறாங்களாம்."

அப்பாவுக்குப் புரையேறியது. "அப்படியா? கேள்விப்பட்டதே இல்லையே."

"நாளைக்கு மூணு பேரும் போவோம். நீங்களும் ஒண்ணு சாப்பிடுங்க. ஒரு நாள்தானே."

அவர் அம்மாவை உற்றுப் பார்த்தார். அம்மா ரசத்தைக் கலக்கிக்கொண்டிருந்தாள். கை கழுவும் இடத்தில் என்னிடம் கிசுகிசுத்தார். "பார்த்தியா வக்கீலம்மா? உங்கம்மா இளகிட்டா. பொறுமையா இருந்தா எல்லாம் தானா வழிக்கு வரும்."

நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். ஓசை அவருக்குக் கேட்டிருக்கும்.

மறுநாள் லிஃப்டில் நாங்கள் மூவர். இல்லை, நால்வர்.

"கதவை விட்டு விலகி நிற்கவும்" என்றாள் கூரையிலிருந்து இளம் அம்மா.

"கதவை விட்டுத் தள்ளி நில்லுங்க" என்றாள் பக்கத்தில் நின்ற அம்மா, அதே நொடியில்.

அப்பா இரண்டு பேருக்கும் பயந்து ஒதுங்கி நின்றார்.

கடையில் கண்ணாடி முகக்காரி எங்களைப் பார்த்ததும் தலையசைத்தாள். மறைப்புக்குள்ளிருந்து குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல வந்தது. "சார், வழக்கம்போல பிஸ்தாவா?"

"யார்கிட்ட பேசறீங்க?"

"உங்ககிட்டதான் சார்."

அப்பா திரும்பிப் பின்னால் பார்த்தார். யாரும் இல்லை. இருந்தும், யாரோ நிற்பது போலவே வெகுநேரம் பார்த்தார்.

"என்னை மாதிரி இன்னொருத்தர் வந்து போறார் போல" என்றார் அம்மாவிடம்.

"இருக்கும்" என்றாள் அம்மா. "அவருக்குக் கொடுக்கற பிஸ்தாவையே இவருக்கும் கொடுங்க."

அவள் வேறெதுவும் கேட்கவில்லை. திட்டினால் அப்பா தாங்குவார். கேட்காமல் இருந்தால் தவித்துப்போவார். ஆனால் பிஸ்தா வந்ததும் தவிப்பு நின்றுவிட்டது.

குழாய் திறந்தது. பெருமூச்சு எழுந்தது. வெண்புகை ஊர்ந்து வந்து எங்கள் மேசையடியில் நிறைந்தது. நான் காலைத் தூக்கிக்கொண்டேன். அப்பா கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டார்.

"மைனஸ் நூத்தித் தொண்ணூத்தாறு டிகிரி. ஆனா பயப்பட ஒண்ணுமில்லை. நாம சுவாசிக்கிற காத்துல முக்கால்வாசி இதுதான். சட்டுனு உறைய வைக்கறதால ஐஸ் துகள் பெருசாகாது. அதான் இவ்வளவு வழவழப்பு."

கேள்வியே படாத கடையைப் பற்றி அவர் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். அம்மாவின் கரண்டி கை நழுவிக் கீழே விழுந்தது. அவள் குனிந்தாள். புகை அவளை மூடிக்கொண்டது. வெகுநேரம் அவள் எழவில்லை.

"அம்மா?"

"கிடைச்சிடுச்சு" என்றது புகை.

நிமிர்ந்தபோது முடியில் பொடிப் பொடியாக நீர்த்துளிகள். கைப்பையை மடியில் வைத்து ஜிப்பை இழுத்து மூடினாள். அப்பா கிண்ணத்தின் அடியைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

வெளியே வந்தோம். ஆளில்லாத நடைபாதை. தரை துடைத்துக்கொண்டிருந்த அம்மாள் ஒருத்தி அப்பாவைக் கடக்கும்போது துடைப்பதை நிறுத்தினாள். எதிரில் வந்த ஒரு தம்பதி அவரைப் பார்த்துப் பேச்சை நிறுத்தினார்கள். அப்பா நெஞ்சை நிமிர்த்தி நடந்தார். எல்லோரும் எங்கே பார்க்கிறார்கள் என்று நானும் பார்த்தேன். வாயைத் திறந்தேன். அம்மா என் மணிக்கட்டை அழுத்தினாள். அவள் விரல்கள் பனிக்கட்டியாக இருந்தன.

"கதவு மூடுகிறது" என்றது லிஃப்டின் கூரை.

"என்னங்க, தொழில்ல ஒரு சந்தேகம்" என்றாள் அம்மா.

அப்பாவுக்கு உற்சாகம். "கேளு, கேளு."

"ஒரு லிஃப்ட்ல எச்சரிக்கை மணி மாசக்கணக்கா அடிக்கவே இல்லை. அப்போ எல்லாம் நல்லா இருக்குன்னு எழுதிடுவீங்களா?"

"எழுதறவன் முட்டாள். முதல்ல மணியையே அடிச்சுப் பார்ப்பேன். மணி செத்துப்போயிருந்தா? உள்ள என்ன அறுந்தாலும் வெளியே தெரியாதே."

"செத்திருந்தா என்ன பண்ணுவீங்க?"

"பூட்டிடுவேன். சரி பண்றவனைக் கூப்பிடற வரைக்கும் ஒரு அடி நகர விடமாட்டேன்."

"நல்லது. இப்போ கீழே பாருங்க."

அப்பா கீழே பார்த்தார்.

எஃகுத் தரையில் அவருடைய இரண்டு வெறும் கால்கள். விரல்கள் வெளுத்து, ஈரமாக, யாருடையவோ போல நின்றன. பேய்க்குக் கால் இருக்கிறதா என்று பார்ப்பவர் போல அவர் குனிந்து பார்த்தார்.

"செருப்பு எங்கே?"

அம்மா கைப்பையைத் திறந்தாள். கடைக் காகிதத்தில் சுற்றிய இரண்டு செருப்புகள்.

"எப்போ எடுத்தே?"

"நைட்ரஜனைப் பத்திச் சொல்லிட்டிருந்தீங்களே, அப்போ. ஒவ்வொண்ணா. அவசரமே படல."

"தரைத் தளம்" என்றது கூரை. கதவு திறந்தது. யாரும் இறங்கவில்லை. கதவு மூடியது. அப்பா ஒரு காலை மெதுவாகத் தூக்கித் திரும்ப வைத்தார். கண்ணால் பார்த்துத்தான் வைத்தார். கண்ணாடிச் சுவரில் அவர் முகம் புகையை விட வெளுத்திருந்தது.

டாக்டர் என்ற வார்த்தை அம்மா வாயிலிருந்து இன்னும் வரவில்லை. அவள் பக்கத்து ஒப்பந்தம் கீறல் விழாமல் இருந்தது.

அப்பா தொண்டையைச் செருமினார். 'வலிக்கலையே' என்று ஆரம்பித்தால் எப்படி மடக்குவது என்று என்னிடம் தயாராக இருந்தது. அதற்கு அவர் வேலை வைக்கவில்லை. செருப்பை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மேலே இருப்பவளிடமா பக்கத்தில் இருப்பவளிடமா என்று தெரியாத குரலில் கேட்டார்:

"நாளைக்கு வெறும் வயித்துலதான் வரச் சொல்வாங்களா?"