சமையல்காரர் செத்தது செல்லுமா?

கடைசிக்கு முந்தைய அத்தியாயத்தில் அத்தான் செத்துப்போனார். அவள் அதைப் படித்தபோது அவர் எதிரே உட்கார்ந்து ரொட்டியைக் காப்பியில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தார்.

“என்னைப் பத்தி என்ன போட்டிருக்கு?” என்றார் ஆசையாக.

“இன்னும் முடிக்கல அத்தான்” என்று புத்தகத்தை மூடினாள்.

அக்காவின் கணவர் அவர். விண்கலப் படத்தில் சமையல்காரராக வந்தார். ஹீரோவுக்கு ஒரு கிண்ணம் சூப்பை நீட்டி, “சாப்பிட்டுட்டு சண்டை போடு” என்பார். அந்த ஒரு வசனத்துக்குத் தியேட்டரில் விசில் பறந்தது. அதற்கு முன் அவர் நடித்ததெல்லாம் பிணமாகவும் கூட்டத்தில் ஒருவராகவும்தான். இரண்டாம் பாகத்தை நம்பி, இருந்த கடை வேலையையும் விட்டிருந்தார். படத்தில் சமையல்காரர் கடைசிவரை கல்லுக்குண்டு மாதிரிதான் இருந்தார். அந்தப் படத்தை ஒட்டி வெளியான நாவலில் போய்ச் சேர்ந்துவிட்டார்.

இரண்டாம் பாகத்தைப் பொறுத்தவரை நாவலில் நடந்தது நடந்ததா, இல்லையா? அதை முடிவு செய்வது அவள் வேலை. படக் கம்பெனியில் கதைத் தொடர்ச்சி பார்ப்பவள் அவள். முதல் பாகத்தில் இடக் கன்னத்தில் இருந்த தழும்பு, இரண்டாம் பாகத்தில் வலக் கன்னத்துக்கு ஓடிவிடாமல் காவல் காப்பவள். அலுவலகத்தில் அவளுக்குப் பெயரே ‘தொடர்ச்சி’தான்.

அத்தான் வெளியே கிளம்பினார். வழக்கம்போல வாசல் கதவைச் சாத்தவில்லை. உள்ளறையில் தட்டச்சுச் சத்தம் நின்றது. அக்கா வந்து கதவைச் சாத்திவிட்டுத் திரும்பிப் போனாள். துவைக்கும் எந்திரத்தோடு வருகிற, எப்படி இயக்குவது என்று சொல்லும் குறிப்புப் புத்தகங்களை வீட்டிலிருந்தே எழுதிக் கொடுப்பவள் அக்கா. வேலை நேரத்தில் பேச்சுக் கொடுத்தால் பிடிக்காது.

நாவல் செல்லாது என்று அன்று காலையிலேயே எழுதி அனுப்பினாள் தொடர்ச்சி. அலுவலகத்தில் அவள் மேசைக்கு மேலாளர் பதறி ஓடி வந்தார்.

“ஹீரோவோட தம்பி எங்க?”

“படத்துல தம்பியே கிடையாதே சார்.”

“நாவல்ல இருக்கான்ல? அந்த வேஷத்தைத் தயாரிப்பாளர் தன் மருமகனுக்குன்னு வாக்குக் கொடுத்துட்டார். மாப்பிள்ளை அதுக்காகக் குதிரை ஏறக்கூடக் கத்துக்கிட்டார்.”

“விண்கலத்துல குதிரை எதுக்கு சார்?”

“அதை மாப்பிள்ளைகிட்ட யார் கேக்கறது?”

தம்பி வருவது கடைசி அத்தியாயத்தில்தான். சரி, அது ஒன்று மட்டும் செல்லும் என்று மாற்றினாள். அனுப்பிய பிறகு, எதற்கும் இருக்கட்டும் என்று அதைப் படித்தாள். தம்பி விண்கலத்துக்குள் நுழைந்ததும் செய்கிற முதல் காரியம், செத்துப்போன சமையல்காரரின் கரண்டியைக் கட்டிக்கொண்டு அழுவது.

அடுத்து, நாவலில் புதிதாகச் சிலர் வந்தது செல்லும், செத்தவர்களின் சாவு மட்டும் செல்லாது என்று எழுதினாள். அவளுக்கே அது கொஞ்சம் இடித்தது. மத்தியானம் வில்லன் நடிகர் போனில் வந்தார். படத்தில் அவர் புகைக்குள் மறைவதோடு சரி, நாவலில்தான் செத்தார். உயிர் கொடுத்ததற்கு நன்றி சொல்லிவிட்டு, இரண்டாம் பாகத்துக்கு எப்போது வரட்டும் என்றார். நாவலில் அவரோடு மாண்ட படை மொத்தமும் கூடவே எழுந்து வந்துவிட்டது. அத்தனை பேருக்கும் தலைக்கவசம் செய்யத் தன்னால் ஆகாது என்று உடைப் பிரிவுக்காரர் கையை விரித்தார்.

மேலாளர் நாற்காலியில் சரிந்தார். “இங்க பாரு தொடர்ச்சி. முழுசா செல்லும்னு சொல்லு. இல்லன்னா முழுசா செல்லாதுன்னு மாப்பிள்ளைகிட்ட நீயே போய்ச் சொல்லு. நாளைக்குக் காலைல முடிவு வேணும்.”

ஏதாவது சந்து கிடைக்காதா என்று சாவுக் காட்சியை மறுபடி படித்தாள். சமையல்காரர் குப்பையைக் கொட்டிவிட்டுப் பாட்டு முணுமுணுத்தபடி உள்ளே வருகிறார். விண்கலத்தின் கதவைச் சாத்த மறக்கிறார். காற்றெல்லாம் வெளியே போகிறது, கூடவே அவரும். உடல் கிடைத்ததாக எங்கும் எழுதவில்லை. அப்படியானால் பிழைத்திருக்கலாமே. பதிப்பகத்துக்குப் போன் போட்டாள். எழுத்தாளர் புனைபெயரில் எழுதுகிறவர், யாரையும் பார்ப்பதில்லை, விஷயத்தை மட்டும் காதில் போடுகிறோம் என்றார்கள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அத்தானிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

“வலிச்சுதா?” என்று மட்டும் கேட்டார்.

“இல்ல அத்தான். சட்டுனு போயிட்டீங்க.”

“கடை வேலையைத் திருப்பித் தருவாங்களான்னு கேட்டுப் பாக்கறேன்” என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். தெருவில் அவர் தலை குனிந்து நடப்பது, திறந்து கிடந்த கதவு வழியே நன்றாகத் தெரிந்தது.

உள்ளறையில் தட்டச்சுச் சத்தம் நின்றது. அக்கா வந்தாள். கைப்பிடியை வலப்பக்கம் திருப்பி, ‘டக்’கென்று ஒலி கேட்கும்வரை கதவை அழுத்திச் சாத்தினாள்.

“பதிப்பகத்துலேர்ந்து போன் வந்துச்சு” என்றாள். “சமையல்காரர் பொழைக்க வழி உண்டான்னு கேட்டியாமே?”

தொடர்ச்சி அக்காவைப் பார்த்தாள். பிறகு உள்ளறையைப் பார்த்தாள். பிறகு கதவைப் பார்த்தாள்.

“அடுத்த பதிப்புல பொழைக்க வச்சிடறேன்டி. முதல்ல உங்க அத்தானைக் கதவைச் சாத்தச் சொல்லு.”