அப்பா சிவப்பு

கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் 'பச்சை' என்று சொன்னதற்காகச் சண்டைக்கு வந்த ஒரே மனிதர் ஷேடு கார்டுதான்.

பெயிண்ட் கம்பெனியில் நிறம் பொருத்திப் பார்க்கிற வேலை. சட்டைப் பையில் விசிறி மாதிரி விரிகிற நிற அட்டை ஒன்று எப்போதும் இருக்கும். ஷேடு கார்டு என்ற பட்டப்பெயர் அப்படி வந்ததுதான். கவரைப்பேட்டையில் எங்கள் நகர்க்காரர்கள் பிள்ளைகளுக்குக் கோடை முகாம் நடத்தியபோது, ஓவியத்துக்கு டிராயிங் மாஸ்டரான என்னையும் இயற்கை அறிவியலுக்கு அவரையும் கூப்பிட்டார்கள். மனுஷனுக்கு செகண்ட் ஷிப்ட், காலையில் சும்மாதான் இருந்தார். சும்மாவே இருந்திருக்கலாம்.

முதல் நாள், வழக்கம்போல இரண்டு மலை, நடுவில் சூரியன், ஓரமாய் ஒரு மரம் போட்டு, "இலைக்குப் பச்சை அடிங்க" என்றேன். என் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

"எந்தப் பச்சை சார்?"

"இலைப் பச்சைதான்."

"மேல் பக்கமா, அடிப்பக்கமா? இன்னா சார், புள்ளைங்கள ஏமாத்திக்கினு!"

அவ்வளவுதான். பிள்ளைகளை வேப்ப மரத்தடிக்கு ஓட்டிக்கொண்டு போனார். ஒரே இலையின் இரண்டு பக்கத்துக்கும் தனித்தனியாக நிறம் கலக்கச் சொன்னார். அடிப்பக்கம் ஏன் வெளுத்திருக்கிறது என்று ஒரு வாண்டு கேட்டது.

"வெயில் புடிக்கிற சரக்கெல்லாம் மேல் மாடில கீது. கீழ் மாடில மூச்சு உடற ஓட்டைங்கோ."

கலந்த நிறங்களுக்கெல்லாம் பெயர் வேறு: 'ஆரம்பாக்கம் நாத்து', 'எளாவூர் லாரித் தூசி'. மூன்றாம் நாள் என் வகுப்பில் ஏழு பேர். ஐந்தாம் நாள் என் மகள் யாழினி மட்டும். ஆறாம் நாள் அவளும் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"இன்னிக்கு ஒரு நாள்ப்பா. ஓணான் பாக்கப் போறாங்க."

ஓணானிடம் தோற்றேன். பொறாமை இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். பெற்ற பிள்ளையே போய்விட்டதே!

வேவு பார்க்கப் பின்னாலேயே போனேன். காம்பவுண்டு சுவரில் ஒரு ஓணான் கழுத்தெல்லாம் சிவந்து தண்டால் எடுத்துக்கொண்டிருந்தது.

"அது ஏன் அங்கிள் செவக்குது?" என்றாள் யாழினி.

"இன்னொரு ஆம்பள ஓணான் அவன் ஏரியாவுக்கு வந்துட்ச்சு. 'என் செவுரு, போடா'ன்னு காட்டுது. சண்டை முடிஞ்சா செவப்பு எறங்கிடும்."

யாழினி திரும்பி என்னையே பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

கடைசி நாள் கண்காட்சியில் பெற்றோர் கூட்டம் மொத்தமும் ஒரே படத்தின் முன்னால் நின்று சிரித்தது. சுவர்மேல் ஓணான், சிவந்த கழுத்து, மூக்குக் கண்ணாடி. என் கண்ணாடி. கீழே யாழினியின் கையெழுத்தில் நிறத்தின் பெயர்: 'அப்பா சிவப்பு'.

நேரே ஷேடு கார்டிடம் போனேன். "என் பொண்ணை என்கிட்டருந்து பிரிச்சிட்டீங்க இல்ல?"

மனுஷன் பதறிப்போனார்.

"ஐயோ சார், கலரு மட்டும்தான் நானு. அந்தக் காலு, வெரலு, செதிலு பாருங்க. அத்தினியும் நீங்க சொல்லிக் குடுத்த கோடு. நான் ஓணான் வரைஞ்சா வாழைப்பழமான்னு கேக்குதுங்க. 'எங்கப்பா மாதிரி யாராலயும் வரைய முடியாது'ன்னு உங்க பொண்ணு தெனம் சொல்லிக்கினே இருக்கும். எனக்கு எவ்ளோ காண்டு தெரியுமா?"

அவர் அட்டையை விரித்து என் கழுத்தருகே பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

"எறங்கிட்ச்சு சார்."

இந்த வருடம் அவர் இல்லை. கம்பெனி வேறு ஊருக்கு மாற்றிவிட்டது. எல்லாப் பிள்ளைகளும் என்னிடம்தான். மலை, சூரியன் என்று இஷ்டத்துக்குப் போடலாம், கேட்க ஆளில்லை. ஆனாலும், "பச்சை அடிங்க" என்று சொல்லிவிட்டு ஒவ்வொரு தடவையும் பின்னால் திரும்பிப் பார்க்கிறேன்.