இரண்டு முதல் மனிதர்கள், ஒரே முகம்

பெருமதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு, அருங்காட்சியகத்தில் பொம்மை செய்யும் உங்கள் தங்கை கணவன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும் உங்கள் தங்கையும் நலம். நேற்று மாலை வரை நலமாக இருந்தோம் என்று எழுதுவதே சரி.

அருங்காட்சியகக் குழுத் தலைவராகிய நீங்கள், யாருக்கும் பொல்லாதவராகக் கூடாது என்று, ஒரே கூடத்தில் இடப்பக்கம் குரங்கிலிருந்து வந்த மனிதன், வலப்பக்கம் கடவுள் மண்ணைப் பிசைந்து செய்த மனிதன் என்று உத்தரவு போட்டீர்கள். பத்தே நாளில் இரண்டு ஆள் வேண்டுமாம். எனக்கென்ன நாலு கையா? பட்டறையில் கிடந்த ஒரு முக அச்சை எடுத்து, பிளாஸ்டர் ஊற்றி, இரண்டு தலை வார்த்தேன். ஒருவனுக்கு முகமெல்லாம் முடி ஒட்டினேன். மற்றவனை மழமழவென்று விட்டேன். யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள் என்றிருந்தேன். பள்ளியிலிருந்து வந்த ஒரு வாண்டு கண்டுபிடித்தது. "டீச்சர், அந்த மாமாதான் இங்கயும் நிக்கிறாரு."

அவ்வளவுதான், பிடித்தது சனி. வழிபாட்டுச் சங்கச் செயலாளர் வந்தார். "கடவுள் தன் கையால செஞ்சவன் இப்படியா திருதிருன்னு முழிப்பான்? இந்த மூஞ்சிய அந்தக் குரங்குப் பக்கமே வச்சுக்கோங்க" என்றார். உயிரியல் பேராசிரியர் விடுவாரா? "குரங்குக்கும் ஒரு மரியாதை இருக்குங்க. இதுல வளர்ச்சிக்கான அறிகுறியே இல்ல. அவங்களே வச்சுக்கட்டும்." உலகம் உண்டான விதத்தில் ஒத்துப்போகாத இருவரும் அந்த முகம் சகிக்கவில்லை என்பதில் ஒன்றாகிவிட்டார்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி, மச்சான். இயக்குநரோ, "திங்கட்கிழமை அந்த முகம் ஒரு இடத்துலதான் இருக்கணும். இல்லன்னா நீங்க வீட்டுல இருக்கணும்" என்கிறார். ஓய்வுபெற நாலே மாதம். முப்பத்தொரு வருடத்தில் நான் செய்த கரடிக்கு ஒரு காது கோணியதில்லை. வீட்டுக்குப் போனால் உங்கள் தங்கை, "எங்கண்ணன் எது செஞ்சாலும் யோசிச்சுதான் செய்வாரு, நீங்கதான் அரைகுறை" என்கிறாள்.

கடவுள் செய்தாரோ, குரங்கு பெற்றதோ, எனக்கு இரண்டு பேரோடும் வழக்கில்லை. அந்த விளங்காத முகத்தை இரண்டு இடத்திலும் உடைத்துப் போடும்படி உடனே எழுத்தில் ஓர் உத்தரவு அனுப்புங்கள். சுத்தியல் கையில் தயாராக இருக்கிறது.

அக்காவுக்கு என் வணக்கமும் பிள்ளைகளுக்கு என் ஆசியும்.

இப்படிக்கு,
இன்னும் வேலையில் இருக்கும் உங்கள் மாப்பிள்ளை

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் உங்கள் தங்கை அருங்காட்சியகக் கூடத்துக்கே வந்துவிட்டாள். குரங்கு மனிதன் முன்னால் போய் நின்றவள், "அண்ணே" என்று அழ ஆரம்பித்தாள். மார்பளவுச் சிலை வேண்டும் என்று போன வருடம் உங்கள் முகத்தில் பிளாஸ்டர் பூசி அச்செடுத்தேனே, அதுதான். இப்போது சுத்தியலைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டு நடுக்கூடத்தில் உட்கார்ந்திருக்கிறாள். ஆகவே உடைக்கும் உத்தரவு வேண்டாம். எந்தப் பக்கம் நிற்க உங்களுக்கு விருப்பம் என்று மட்டும் ஒரு வரி எழுதுங்கள். மற்ற தலையை எங்கள் வீட்டுக் கூடத்தில் வைக்கப் போகிறாளாம்.