பென்சில் தடை

"கம்பெனியில துளிக்கூட கிராஃபைட் கண்ணுல படக்கூடாது. முதலாளியம்மா ஆர்டர்!"

போனை வைத்ததும் உப்பள சூப்பர்வைசர் கலியபெருமாள் அறிவித்தார். போனில் பாதிக்கு மேல் கடற்காற்று இரைச்சல்தான். ஆனாலும் அவருக்குச் சந்தேகம் என்பதே வராது. நாளைக் காலை முதலாளியம்மா சென்னையிலிருந்து வெளிநாட்டு வியாபாரிகளை அழைத்து வருகிறார். ஏற்றுமதி ஆர்டர் கிடைத்தால் கலியபெருமாள்தான் மேனேஜர்.

"ஏம்பா முஹ்சின், நீ கெமிஸ்ட்ரி படிச்சவன். கிராஃபைட்னா இன்னா?"

ஸ்டோர் கிளார்க் முஹ்சினுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "கிரேக்க வார்த்தை சார். எழுதறதுன்னு அர்த்தம். பென்சிலுக்குள்ள கறுப்பா இருக்குதே, அதான். நாமதான் ஈயம்னு சொல்றோம். அதுல ஈயமே கிடையாது."

"வேற எதுல இருக்குது?"

"டார்ச் செல்லுல, மிக்ஸி கார்பன்ல..."

"எடு எல்லாத்தையும்!"

மதியத்துக்குள் எல்லாம் கோணிக்குள் போயின. கேன்டீன் மிக்ஸி சட்னி அரைபடும்போதே கழற்றப்பட்டது.

மூட்டைக் கணக்கு எழுதும் ஆராயி ஓடிவந்தாள். "சார், பென்சிலு இல்லாம எப்படிக் கணக்கு வைக்கிறது?"

"பேனாவுல எழுது."

உப்பு ஈரத்தில் பேனா மை கரைந்து ஓடியது. எத்தனை மூட்டை ஏற்றினோம் என்று லாரிக்காரர்கள் சண்டைக்கு நின்றார்கள். ஆராயி அடுப்புக்கரியோடு திரும்பி வந்தாள்.

கலியபெருமாள் முஹ்சினைப் பார்த்தார்.

"அடுப்புக்கரி வேற சார், கிராஃபைட் வேற."

"அப்ப தாராளமா எழுதும்மா! ஈரத் தாளுல புடிக்காது. இவ்ளோ பெரிய மதிலு எதுக்கு இருக்குது?"

சுனாமிக்குப் பிறகு கட்டி, போன வாரம்தான் வெள்ளையடித்த மதில். சாயங்காலத்துக்குள் மூட்டைக் கணக்கு அதன் பாதி நீளத்துக்குப் போயிருந்தது. மீதியில் லாரிக்காரர்கள் தங்கள் கணக்கை எழுதினார்கள். சட்னி கிடைக்காதவர்கள் கலியபெருமாளைப் பற்றி எழுதினார்கள். ஒருவர் படமே போட்டிருந்தார். மீசை நன்றாக அமைந்திருந்தது.

"எழுதட்டும்பா, கரிதானே," என்றார் கலியபெருமாள் பெருந்தன்மையாக.

காலையில் கார் வந்தது. வெளிநாட்டுக்காரர்கள் இறங்கி மதிலையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருவர் மீசையைப் போட்டோ எடுத்தார். முதலாளியம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. விறுவிறுவென்று ஆபீசுக்குள் போனார்.

"ஒரு பென்சில்கூட இல்லீங்கம்மா!" என்று கலியபெருமாள் பின்னாலேயே ஓடினார். கதவு அவர் மூக்குக்கு நேராகச் சாத்தப்பட்டது.

கார் டிரைவர் குப்புசாமி மதிலை ஒருமுறை படித்து முடித்துவிட்டு அருகில் வந்தார்.

"இன்னா சார் இப்படிப் பண்ணிட்டீங்க? அம்மா போன் பண்ணப்போ நான்தான் வண்டி ஓட்டினேன். அவங்க சொன்னது கிராஃபைட் இல்ல சார், கிராஃபிட்டி. சுவத்துல எவனும் எதையும் கிறுக்கி வச்சிருக்கக் கூடாதுன்னாங்க!"