ஏரியில் தண்ணீர் இருக்கிறதே

எந்த நல்ல திட்டத்தையும் எதிர்க்காமலேயே காலி செய்யத் தெரிந்த ஓர் இனம் உண்டு. அதில் ஒருவர் நகரசபையின் நிதிக்குழுவில் இருக்கிறார். கூட்டங்களில் இவரைக் கண்டுபிடிப்பது சுலபம். முதலில் கைதட்டுபவர் இவர்தான். தட்டிய கை கீழே இறங்குவதற்குள் சிவப்புப் பேனாவைத் திறப்பவரும் இவர்தான். நகரசபை அலுவலகத்தில் இவருக்குப் பெயரே 'திருத்தம்'. அது அவர் காதுக்கும் எட்டியிருக்கிறது. பாராட்டு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

அன்று நிதி கேட்டு வந்தவர் ஒரு படகுப் பயிற்சியாளர். போன வருடம் பதினெட்டு இளைஞர்களைச் சனிக்கிழமைதோறும் ஏரிக்கு அழைத்துப் போன பெண்மணி. அதில் இரண்டு பேர் அதுவரை பேருந்து நிலையத்துக்குப் பின்னால் போதை மாத்திரை வாங்கித் தின்றுகொண்டிருந்தவர்கள். துடுப்புப் போட்டுப் போட்டுக் கை காய்த்து, இப்போது வீட்டுக்குப் போனதும் அடித்துப்போட்டதுபோல் தூங்குகிறார்கள். பொதுநிதி கிடைத்தால் இந்த வருடமும் படகு ஓடும். இல்லையென்றால் அந்தப் பதினெட்டுப் பேரின் சனிக்கிழமைகளையும் வேறு யாராவது எடுத்துக்கொள்வார்கள்.

"அருமையான திட்டம்மா," என்றார் திருத்தம். மனதாரத்தான் சொன்னார். அவர் வீட்டிலும் அந்த வயதில் ஒரு மகன் இருக்கிறான். "ஒரே ஒரு சின்ன விஷயம். ஏரியில தண்ணி இருக்கே."

"ஆமா சார். படகு அதுலதான் போகும்."

"அதைத்தான் சொல்றேன். கரையோரமா நடக்க வைங்களேன்."

கரையில் சேறு, சேற்றில் வழுக்கும். சரி, குன்று ஏறலாம். குன்று என்றால் உயரம், உயரம் என்றால் விழுவார்கள். மைதானம்? அங்கே வெயில் யாரைக் கேட்டு அடிக்கிறது? மாலையில் வைத்தால் கொசு. ஒவ்வொரு திருத்தத்துக்கும் உறுப்பினர்கள் தலையாட்ட, ஒவ்வொரு தலையாட்டலிலும் ஒரு பிள்ளையைக் காப்பாற்றிவிட்ட நிறைவு அவர் முகத்தில் ஏற, தேநீர் ஆறுவதற்குள் திட்டம் நகரசபையின் இரண்டாம் மாடி அரங்குக்கு வந்து சேர்ந்தது. ஏரியைத் திரையில் படமாகக் காட்டலாம். குளிர்சாதனம் உண்டு. திட்டத்தின் தலைப்பில் இருந்த 'திறந்தவெளி' என்ற சொல்லை மட்டும் யாரும் தொடவில்லை. நிதியே அந்தப் பெயரில்தானே வருகிறது?

"மாத்திரை விக்கிறவன் இத்தனை கேள்வி கேக்க மாட்டான் சார்," என்றார் பயிற்சியாளர். "வாடான்னு மட்டும்தான் சொல்லுவான்."

திருத்தத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "ரொம்ப நல்லா சொன்னீங்கம்மா. வரவேற்புரையில சேர்த்துக்கலாம்."

முதல் சனிக்கிழமை அவரே நேரில் போனார். திரையில் ஏரி. அதன் முன்னால் பதினெட்டு காலி நாற்காலிகள். பயிற்சியாளர் ஜன்னலோரம் நின்று, பேருந்து நிலையத்தின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த மாத்திரைப் பசங்க ரெண்டு பேரும் அங்கதான் சார் நிக்கிறாங்க."

"வெயில்லயா?" என்று பதறினார் திருத்தம்.

பயிற்சியாளர் அதற்குள் இரண்டு இரண்டு படியாகத் தாவிக் கீழே ஓடினார். திருத்தம் மட்டும் முன்வரிசையில் அமர்ந்து ஏரியைக் கடைசிவரை பார்த்துவிட்டு, அறிக்கையில் நிம்மதியாக எழுதினார்: 'விபத்து எதுவும் நிகழவில்லை.'

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். போன ஞாயிறு உங்கள் மகள் தோழிகளோடு சைக்கிளில் ஒரு சுற்று போய்வரட்டுமா என்று கேட்டபோது, "தாராளமா போ" என்றீர்களே, அதற்கு அடுத்த வாக்கியம் என்ன?